மேனேஜருக்கு மூன்று மாத்திரை

ஆகஸ்ட் 3, வியாழன்

மேனேஜர் இன்றோடு நான்கு நாளாகச் சாப்பிடவில்லை.

அலங்கார மீன்கடை ஷாகுல் பாய்க்குப் போன் செய்தேன். தினமும் என்ன சாப்பிடுகிறது, என்ன நிறத்தில் வெளிக்குப் போகிறது, தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார். நோட்டு எதற்கு? மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி ஏழு மாதமாக வெறுமனே கிடக்கிறது. கம்பெனி செலவில் ஒரு மீனின் மலம் பதிவாகட்டும்.

முறைப்படியே எழுதுகிறேன். நோயாளி: ஃப்ளவர்ஹார்ன் மீன், ஆண், வயது நாலரை, நீளம் ஒன்பது அங்குலம். இருப்பிடம்: ஈரோடு சூரம்பட்டியில் எங்கள் வீட்டு ஹால், இருநூறு லிட்டர் தொட்டி. நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டிவைத்தது போல ஒரு புடைப்பு. அதைப் பார்த்துத்தான் இவர், என் வீட்டுக்காரர், மேனேஜர் என்று பெயர் வைத்தார். நூல் மில்லில் இவருடைய பழைய மேனேஜருக்கு இதே நெற்றியாம். அவரும் நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் இருந்தபடி வெளியே எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருப்பாராம்.

நான்கு வருடம் முன்பு கிரகப்பிரவேசத்துக்கு இவருடைய அக்கா மயிலாத்தாள் நங்கையா வாங்கிக் கொடுத்தது. வாஸ்து மீன் என்பார்கள். வீட்டுக்கு வருகிற கெட்டதை எல்லாம் அது தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பதில் நங்கையாவுக்கு அசையாத நம்பிக்கை. எனக்கு அது துடைக்க வேண்டிய இன்னொரு கண்ணாடி, அவ்வளவுதான்.

இவருக்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று. போன வாரம் இரண்டு தடவை சிறுநீரில் ரத்தம் போனது. கல்லாகத்தான் இருக்கும். ரிப்போர்ட் சனிக்கிழமை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஷாகுல் பாய் என் போனில் வீடியோவை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வெளிக்குப் போவது வெள்ளை நூல் மாதிரி இருக்கிறதா என்றார். இருக்கிறது. நெற்றியில் ஊசியால் குத்தியது போலக் குழி இருக்கிறதா என்றார். தெரியவில்லை என்றேன். நான்கு வருடம் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன், அதன் நெற்றியை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

குடலில் ஒரு வகைக் கிருமி. அது முற்றினால் தலைச் சதையே அங்கங்கே கரைந்து குழி விழுமாம். மருந்து என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெட்ரோனிடசோல், நானூறு மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன், வயிற்றுப்போக்கு என்று வருகிற ஜனங்களுக்கு அந்த மாத்திரையை எத்தனை லட்சம் எண்ணிக் கொடுத்திருப்பேனோ. அதே மாத்திரைதான் இந்த நெற்றிக்காரனுக்கும். மனுசன் குடலுக்கும் மீன் குடலுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்பது யாருடைய ஏற்பாடோ தெரியவில்லை.

இருநூறு லிட்டருக்கு மூன்று மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஐம்பது லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஷாகுல் பாய் விரலை நீட்டி எச்சரித்தார்: "முழுசாப் போடுங்கக்கா. கொறச்சுப் போட்டா கிருமி சாகாது, பழகிக்கும்." இதே வசனத்தை நான் தினமும் இருபது பேரிடம் சொல்கிறேன். என்னிடம் ஒருவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கினேன், பதினைந்து மாத்திரை. மூன்றைப் பொடித்து வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். ஹீட்டரை முப்பது டிகிரியில் வைத்தேன். பிறகு மோடாவை இழுத்துப் போட்டு, கண்ணாடியில் மூக்கு படுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நெற்றியில் ஐந்து குழிகள். ஒன்று மிளகு போகிற அளவு.

அது என்னைப் பார்த்தது. கண் உருண்டு, என் கண்ணிலிருந்து கைக்கும் கையிலிருந்து கண்ணுக்கும் போயிற்று. ஏதோ கேட்கப் போகிறது போல இருந்தது, நான்தான் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

ரிப்போர்ட் வந்தது. வலது சிறுநீரகத்தில் கட்டி. ஐந்தரை சென்டிமீட்டர்.

தண்ணீர் முப்பது டிகிரி. சாப்பிடவில்லை. வெள்ளை நூல்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து நங்கையா காலை பஸ்ஸில் வந்துவிட்டார். இவரைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா போன பிறகு இவருக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவர்தான். கட்டிக்கொடுத்த வீட்டில் கணவர் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை. எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆக நங்கையாவுக்கும் எனக்கும் இருப்பது இந்த ஒரு ஆள்தான்.

வாசலில் செருப்பை விடும்போதே அழுகை. இவர் தோளைத் தட்டித் தட்டிக் கூட்டி வந்தார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியாத மாதிரி. ஹாலுக்குள் வந்தவர் தொட்டியைப் பார்த்தார். மேனேஜர் நிறம் வெளுத்து, ஒரு மூலையில் தலை கவிழ்ந்து நின்றிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து என்றேன். அவர் முகம் மாறியது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"வாங்கிக்கிச்சு கண்ணு. தம்பிக்கு வந்தத இது வாங்கிக்கிச்சு."

கையெடுத்துத் தொட்டியைக் கும்பிட்டார். மருந்து போடுகிறேன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். போடக்கூடாதாம். அது சுமந்துகொண்டு போகட்டுமாம். நாம் காப்பாற்றிவிட்டால் இறக்கி வைத்துவிடும், இறக்கி வைக்கிற இடம் இவர்தானாம். அவருடைய ஓரகத்தி மகனுக்கு இப்படித்தான் நடந்ததாம். காலையில் வீட்டு வாஸ்து மீன் செத்து மிதந்தது, மத்தியானம் லாரியில் மோதிய வண்டியிலிருந்து அவன் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தான்.

அது வெறும் கிருமிங்க நங்கையா, என்று விளக்கினேன். குடல், கிருமி, மருந்து, நான்கு தடவை. சொல்லும்போது என் குரல் எனக்கே கவுன்டரில் பேசுவது போலக் கேட்டது. இவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐம்பது லிட்டர் மாற்றினேன். மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கோயம்புத்தூரில் பெரிய டாக்டர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும், பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் மீதி தெரியும் என்றார். நல்ல மனிதர், மழுப்பவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் மழுப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒன்று சொன்னார். இதை எடுத்த பிறகு இடது சிறுநீரகம் சில மாதத்தில் தானாகக் கொஞ்சம் பெரிதாகி, இரண்டு பேர் வேலையைச் செய்யுமாம். அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருட்டில், பக்கத்தில் இருந்தவன் இல்லை என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். டி.பார்ம் படிக்கும்போது பரீட்சைக்கு எழுதிய சமாச்சாரம்தான். இன்று கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது.

வரும் வழியில் பெருந்துறை தாண்டியிருப்போம். இவர், "மேனேஜருக்கு இன்னிக்கு ஆராச்சும் லைட் போட்டாங்களா" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஐம்பது லிட்டர் மாற்றினேன்.

மாத்திரை தொட்டி ஸ்டாண்டின் கீழ் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் பத்தரை இருக்க வேண்டும். ஒன்பது இருக்கிறது. அந்த அரை மாத்திரையையும் காணோம்.

நங்கையாதான் எடுத்துத் தூர எறிந்திருப்பார். கேட்கவில்லை. கேட்டால் என்ன பேச வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை போட்டாயிற்று.

ஆகஸ்ட் 9, புதன்

ஆபரேஷனுக்கு முன்னால் நுரையீரலுக்குப் பயிற்சியாம். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை. இவர் அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறார். முதல் பந்து துள்ளி எழும்புகிறது, இரண்டாவது பாதி, மூன்றாவது அசைய மாட்டேன் என்கிறது.

பத்து நாளாக மூலையை விட்டு அசையாத மீன், இன்று காலை மெல்ல மெல்லக் கண்ணாடிக்கு வந்தது. நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டேன். இவர் மூச்சை இழுக்கிறார், பந்து ஏறுகிறது, அதன் கண்ணும் கூடவே ஏறுகிறது. மூச்சை விடுகிறார், பந்து இறங்குகிறது, கண்ணும் இறங்குகிறது. இந்தப் பக்கம் ஒரு ஆள் நெஞ்சு விரியக் காற்றை இழுத்துப் பார்க்கிறார். அந்தப் பக்கம் ஒரு உயிர் நிற்காமல் செவுளைத் திறந்து மூடித் தண்ணீரிலிருந்து காற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறது, பயிற்சி யாரும் கொடுக்கவில்லை. நடுவில் ஓர் அங்குலக் கண்ணாடிகூட இல்லை. இவரும் பார்த்தார், சிரித்தார், சிரித்ததில் பந்தெல்லாம் கீழே விழுந்துவிட்டது.

குழம்பு அடிப்பிடித்தது. அதையே எல்லாரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் நான்காவது தடவைக்காக அலமாரியைத் திறந்தேன். ஏழரை இருக்க வேண்டியது. ஆறு இருந்தது. மறுபடியும் ஒன்றரையைக் காணோம். தூர எறிகிறவர் அட்டையோடு எறிய வேண்டியதுதானே, இரண்டு தடவையும் எதற்கு எண்ணி ஒன்றரை? எண்ணிக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஆறாம் தேதியும் எட்டாம் தேதியும் எவ்வளவு குறைத்தேனோ, சரியாக அவ்வளவுதான் போயிருக்கிறது.

ஆமாம், குறைத்தேன். மூன்று போட வேண்டிய இடத்தில் ஒன்றரை போட்டேன். போட்டேன் போட்டேன் என்று மட்டும் இங்கே எழுதி வைத்தேன்.

இன்றும் ஒன்றரையே போட்டு, மீதியை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் பெர்மிஷன் போட்டுத் திரும்பி வந்தேன். நங்கையா மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். கேட்டை மெல்லத் திறந்து சுற்றுச்சுவர் ஓரமாக வந்து ஜன்னல் வழியே பார்த்தேன். இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியின் பின்பக்கத்தால் எதையோ நுணுக்கிக்கொண்டிருந்தார். வெந்நீர் ஊற்றினார், கலக்கினார், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து மறுபடி கலக்கினார். பிறகு ஒரு கையால் வலது விலாவைப் பிடித்தபடி மோடாமேல் ஏறி, தொட்டியில் சுற்றிவர ஊற்றினார், ஒரே இடத்தில் கொட்டாமல். நான் அப்படித்தான் ஊற்றுவேன். பார்த்துக் கற்றிருக்கிறார்.

மேனேஜர் மேலே வந்து அவர் கை நிழலுக்குக் கீழே நின்றது.

நான் சத்தமில்லாமல் கேட்டுக்குத் திரும்பிப் போய், டம்ளரைக் கழுவி வைக்க நேரம் கொடுத்து, பிறகு தாழ்ப்பாளைத் தடதடவென்று ஆட்டினேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஏன் குறைத்தேன் என்று என்னையே கேட்டால், நம்பினேன் என்று சொல்ல வராது. வாஸ்துவை நான் நம்புகிறவள் அல்ல. ஆனால் ஒருவேளை என்று ஒன்று இருக்கிறது. ஐந்தரை சென்டிமீட்டர் என்ற சொல்லைப் படித்த பிறகு அந்த ஒருவேளையைத் தள்ளிவைக்க எனக்குத் தெம்பு இல்லை. மருந்தே போடாமல் விட மனம் வரவில்லை, முழுசாகப் போடவும் கை வரவில்லை. பாதி போட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு நோயாளிக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. சாகட்டும் என்றுதான் செய்தேன். எழுதியாயிற்று.

இன்று வெள்ளை நூல் இல்லை. காலையில் வெளுப்பாக இருந்த உடம்பில், பத்து மணி வெயில் ஹாலுக்குள் வந்தபோது, செவுள் ஓரத்தில் ஒரு சிவப்பு ஏறியது. பார்க்கப் பார்க்க ஏறியது. ஐந்து நிமிடத்தில் நெஞ்சுவரை வந்துவிட்டது. பூசியது போல இல்லை, உள்ளேயிருந்து யாரோ விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டுவது போல இருந்தது. வேலைக்கு லேட் என்று தெரிந்தும் நகர முடியவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

இரண்டு உருண்டை தின்றது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இறால் உரித்துப் போட்டேன், பாய்ந்து வந்து என் விரலோடு பிடுங்கியது. நெற்றியில் சின்னக் குழிகள் மூன்று மூடிவிட்டன. மிளகு போகிற குழியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு புதுத்தோல், நூல் அளவு. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. மாத்திரை கிருமியைத்தான் கொல்லும். சதையை நெய்வது மாத்திரை அல்ல. அதை யார் நெய்கிறார்கள் என்று என் படிப்பில் ஒரு புத்தகமும் சொல்லவில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டியவள், இரவு உணவுக்கு எடுத்த அரிசியைக் களையாமல் அளைந்துகொண்டே நின்றேன். நங்கையா பின்னால் வந்து நின்றார். இரண்டு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அது தேறத் தேற எனக்குப் பயமா இருக்குது கண்ணு," என்றார்.

எனக்குந்தானுங்க நங்கையா, என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அரிசிப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக் களைந்து உலையில் போட்டார். மீதி மருந்தைப் போட்டது யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இவரே ஆரம்பித்தார். நங்கையா குளிக்கப் போயிருந்தார். நான் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்று மூன்றாவது பந்து உச்சிக்கு ஏறியது என்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கருவியை மடியில் வைத்துக்கொண்டு, நான் வாங்கி வந்தது நல்ல மருந்து என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது. நான் குறைத்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆறாம் தேதி அட்டையில் அரை மாத்திரையைத் திருப்பிச் செருகி வைத்திருந்தேனாம். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் என் கையில் மாத்திரை பாதியாக மிச்சமாகி அவர் பார்த்ததில்லையாம். பார்த்ததும் புரிந்துவிட்டதாம்.

"எனக்கு நீங்க வேணும், அவ்வளவுதானுங்க," என்றேன். "வேற ஒண்ணும் எனக்குத் தெரியல."

"தெரியுது கோகிலா. ஆனா, எனக்கு வந்தத அதும் தலையில இறக்கிப்போட்டு, நாந் திரும்பி வந்து அந்த வெறுந்தொட்டிய வெச்சுக்கிட்டு எப்புடி உக்கார்றது? நல்லானாலும் நாந்தான், போனாலும் நாந்தான். நடுவால அதெதுக்கு?"

அழுதேன், வேறு என்ன செய்வது. இவர் துணியை வாங்கி மீதிக் கண்ணாடியைத் துடைத்தார். வலது கையைத் தூக்கினால் வலிக்கிறது என்பதால் இடது கையால், கோணலாக. மேனேஜர் உள்ளேயிருந்து துணியோடு கூடவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்தி மேற்பார்வை பார்த்தது.

இந்த மனிதரோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். உப்புக் குறைவு, காரம் ஜாஸ்தி என்று மட்டும் பேசத் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

கோயம்புத்தூர் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் கூட ஒரு ஆள்தான் இருக்கலாம். நங்கையா முட்டிவலியோடு அங்கே நடைபாதையில் உட்கார முடியாது, வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். மீனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவரும் அதைக் கவனித்தார். கார் ஏறும்முன் திரும்பி உள்ளே போய்த் தொட்டிக்கு முன் ஒரு நிமிடம் நின்றார். நங்கையாவிடம், "அக்கா, அதப் பத்தரமாப் பாத்துக்க," என்றார். அவர் தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நாளை காலை ஏழரை மணிக்கு.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஏழு இருபதுக்குத் தள்ளுவண்டியில் கூட்டிப் போனார்கள். பச்சைத் துணி, தலையில் குல்லா. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் என்னைத் தேடிப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன். கதவு மூடிக்கொண்டது.

ஒன்பது. பத்து. பதினொன்று. பக்கத்து நாற்காலியில் பொள்ளாச்சிக்கார அம்மா முறுக்கு கொடுத்தார், தின்றேன், ருசி தெரியவில்லை. சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த மிளகுக் குழிதான் மனதில் வந்துகொண்டே இருந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு, நூல் நூலாக.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். முழுதாக எடுத்தாயிற்று, ரத்தக்குழாய் வரை போகவில்லை, நல்லபடியாக முடிந்தது என்றார். கால் மணி கழித்து உள்ளே விட்டார்கள். இவர் கண்ணைத் திறந்தார். வாய் காய்ந்திருந்தது. நான் கண்ணாடியை மாட்டிவிட்டேன். என்னைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார், என்ன இன்னும் இருக்கிறேனா என்பது போல. இருக்கிறீர்கள் என்றேன். மறுபடி தூங்கிவிட்டார்.

வெளியே வந்து நங்கையாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். நல்லபடியாக முடிந்தது, கண் முழித்துவிட்டார் என்று சொன்னேன். தொட்டி மோட்டார் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். நங்கையா, நங்கையா என்று கூப்பிட்டேன்.

பிறகு அழுதார். வாசலில் செருப்பை விடும்போது அழுத அழுகை இல்லை இது. நடுநடுவே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏழரைக்கு மோட்டாரு வொயரப் புடுங்கிப்போட்டேன் கண்ணு. தண்ணி அசையாம நின்னுபோச்சு. அது நேரா ஏம் முன்னால வந்து நின்னு, என்னையவே பாத்துது. ஓடலை, ஒளியலை. அரை மணி நேரம் அது பாக்க நாம் பாக்க உக்காந்திருந்தேன். என்னால முடியல. திருப்பிச் சொருகிட்டேன். சொருகுனதுக்கப்பறம், எந் தம்பிய நானே கொன்னுபோட்டனேன்னு இந்நேரமட்டும் இங்கயே உக்காந்திருக்கறேன்."

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்த வீட்டில் தனியாக, வளர்த்த தம்பியைக் கையாலே சாகக் கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, அப்படியும் அந்த வயரை மறுபடி பிடுங்காமல். நான் வாஸ்துவை நம்பாமலே மருந்தைப் பாதி குறைத்தவள். அவர் முழுதாக நம்பிய பிறகும் சொருகியவர்.

அரை மணி நேரம் மோட்டார் நின்றால் அந்த மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். இப்போது அதை அவரிடம் சொல்லவில்லை, இனி எப்போதும் சொல்லப்போவதில்லை.

"நங்கையா, நீங்க ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கீங்க," என்றேன்.

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. இப்போது அது என்ன செய்கிறது என்று கேட்டேன். கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கிறது, பசிக்கிறது போலிருக்கிறது என்றார். அவரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றார்.

"எத்தன போடோணும் கண்ணு?"

ஆறு என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றையும் அது வாங்கிக்கொண்ட பிறகு சத்தமாக எண்ணினார். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று ஆறு வரைக்கும் கேட்டேன்.